விட்டிலா, வவ்வாலா? குறுக்கெழுத்து போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் ஞாயிறு இணைப்புகளிலும் குறுக்கெழுத்துக் கட்டம் போடுகிறவர்களுக்கும், அந்தக் கட்டத்தைப் பக்கத்தில் வைத்து அச்சுக்கு அனுப்புகிறவர்களுக்கும், தண்டையார்பேட்டையிலிருந்து வணக்கம்.

எடுத்ததும் ஒரு கேள்வி. ‘இரவில் பறப்பது’. நான்கு கட்டம். நான்காவது கட்டத்தின் வழியாக மேலிருந்து கீழே ‘பல்லி’ இறங்குகிறது, அதனால் கடைசி எழுத்து ‘ல்’ என்பது உறுதி. மற்ற மூன்று கட்டங்களையும் வேறு எந்தச் சொல்லும் தொடவில்லை. விடை என்ன?

நான் ‘வவ்வால்’ என்று எழுதினேன். எங்கள் கீழ் வீட்டுப் பெரியவர் ‘விட்டில்’ என்று எழுதியிருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் தெருவே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். இரண்டும் நான்கு எழுத்து, இரண்டும் ‘ல்’லில் முடிகிறது, இரண்டும் இரவில் பறக்கிறது. பல்லி மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் மின்மினியும் இந்தச் சண்டையில் சேர்ந்திருக்கும். "வவ்வாலா இருந்தா தலைகீழா தொங்கும்னு ஒரு வார்த்தை போட்டிருப்பாங்கம்மா, இது விட்டில்தான்" என்றார் நைனா. "விட்டிலா இருந்தா விளக்கத் தேடி வரும்னு போட்டிருப்பாங்களே நைனா" என்றேன் நான். அடுத்த வாரம் விடை வரும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். அடுத்த வாரம் அந்தப் பக்கத்தில் முக்கால் பக்கத்துக்கு நகைக்கடை விளம்பரம். கட்டமும் இல்லை, விடையும் இல்லை. அதற்கடுத்த வாரம் புதுக் கட்டம் வந்தது, பழைய விடை வரவே இல்லை. பத்திரிகைக்கு இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் வரவில்லை.

சின்ன விஷயம்தான், தெரியும். ஆனால் நான் சொல்ல வந்தது முழுக்க இந்தச் சின்ன விஷயத்துக்குள் இருக்கிறது. குறுக்கெழுத்தில் தோற்றுப்போவதில் எனக்கு வருத்தமே கிடையாது. தெரியாத சொல்லிடம் தோற்றால் அன்றைக்கு ஒரு சொல் கற்றுக்கொண்டேன் என்று கணக்கு. தப்பு என்னுடையதா, கட்டம் போட்டவருடையதா என்று கண்டுபிடிக்க வழியே இல்லாமல் பேப்பரை மடித்து வைக்கிறேனே, அதுதான் அன்று முழுக்க உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் தினமும் ரயிலில் போகிறவள். தண்டையார்பேட்டையில் ஏறி, கொருக்குப்பேட்டை, ராயபுரம் தாண்டி, கடற்கரை நிலையத்தில் இறங்குவேன். துறைமுகத்துக்கு வருகிற சரக்குகளுக்குச் சுங்கக் காகிதம் பார்க்கிற அலுவலகம் ஒன்றில் வேலை. கும்மிடிப்பூண்டி வண்டியில் உட்கார இடம் கிடைத்தால் மடித்த பேப்பரும் பென்சிலும் வெளியே வரும். கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே குறிப்புகளை மட்டும் படித்து மனசுக்குள் போட்டு வைத்துக்கொள்வேன். கொருக்குப்பேட்டையில் சிக்னலுக்காக வண்டி நின்றால் பெட்டியில் எல்லோரும் முணுமுணுப்பார்கள், எனக்கு இரண்டு சொல் கூடுதலாகக் கிடைக்கும். வருடக்கணக்காக இப்படித்தான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ராயபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம். ‘தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம்’ என்று குறிப்பு வந்தால் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகூட விடை சொல்லும். ஆனால் எத்தனை கட்டம்? ராயபுரம் என்றால் ஐந்து, இராயபுரம் என்றால் ஆறு. ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்று முன்னால் இகரம் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், பேசுகிறபடி எழுதினால் போதும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. ஒரே கட்டத்தில் குறுக்கே ‘ராமன்’ மூன்று எழுத்தாகவும், நெடுக்கே ‘இராவணன்’ ஐந்து எழுத்தாகவும் வந்தால் நான் எதை நம்பி அடுத்த சொல்லை எண்ணுவது? வண்ணாரப்பேட்டை ‘ப்’ போட்டால் எட்டு எழுத்து, போடாவிட்டால் ஏழு. கடைப்பலகைகளில் இரண்டும் இருக்கிறது. ஐயா இரண்டு எழுத்து, அய்யா மூன்று. ஔவை இரண்டு, அவ்வை மூன்று. கோயிலும் கோவிலும் மூன்று மூன்றுதான், ஆனால் நடுவில் ‘யி’யா ‘வி’யா என்பதில் குறுக்கே போகிற சொல்லே மாறிவிடும். கறுப்பும் கருப்பும், பவளமும் பவழமும் அப்படித்தான். மழைக்காலம், மழை காலம் என்று பிரித்துச் சேர்த்து எழுதுவதில் வருகிற ஒற்றைப் பற்றித் தனியாக ஒரு மடலே எழுதலாம்.

எங்கள் வழக்குக்கும் தீர்ப்பு இங்கேதான் இருந்தது. நான் நான்கு எழுத்தில் எழுதியது ‘வவ்வால்’. அதையே ‘வௌவால்’ என்று எழுதினால் மூன்று எழுத்து. கட்டம் போட்டவர் ஔகாரம் போட்டு எழுதுகிறவர் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால், நான்கு கட்டத்தைப் பார்த்ததும் வவ்வாலை விட்டுவிட்டு நைனா சொன்ன விட்டிலுக்கு வந்திருப்பேன். ஒரே ஒரு வரி போதும்: ‘இந்தக் கட்டத்தில் இகரம் சேர்க்காமல் ராமன், லட்சுமி என்றும், ஔவை, வௌவால் என்றும் எழுதப்பட்டுள்ளது’. உங்களுக்குப் பிடித்த முறை எதுவோ அதைப் போடுங்கள், நாங்கள் பழகிக்கொள்வோம். இல்லையென்றால், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் கொண்டுவந்த பேரகராதி இருக்கிறது, அதில் எப்படி இருக்கிறதோ அப்படி என்று சொல்லிவிடுங்கள். அது இணையத்திலேயே கிடைக்கிறது, போனில் பார்த்துக்கொள்வோம்.

இதில் உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் பொங்கல் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். கோலம், உறியடி, கேரம் எல்லாம் உண்டு, பெரியவர்களுக்கு என்று ஒரு குறுக்கெழுத்து போடலாமே என்று நானே ஒத்துக்கொண்டேன். பதினோரு வரிசை, பதினோரு கட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஆனது.

நம் பக்கத்துச் சொல்லாக இருக்கட்டும் என்று ‘பட்டினத்தார்’ என்று முதல் வரிசையில் எழுதினேன். திருவொற்றியூரில் கடலோரமாக அவர் சமாதி இருக்கிறது, அவர் கையில் இருக்கிற கரும்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், நல்ல குறிப்பாக வரும் என்று சந்தோஷம். ப, ட், டி, ன, த், தா, ர். ஏழு கட்டம். இனி ஒவ்வொன்றிலிருந்தும் கீழ்நோக்கி ஒரு சொல் இறக்க வேண்டும். ‘ப’வில் இறக்கலாம். ‘தா’வில் தாமரை இறக்கலாம். மற்ற ஐந்திலும் ஒன்றும் நடக்காது. புள்ளி வைத்த எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது, ‘ன’விலும் தொடங்காது, ‘டி’ என்றால் டிக்கெட், டிராம் என்று கடன் வாங்கியதைத்தான் தேட வேண்டும். அழித்துவிட்டு நடு வரிசைக்குக் கொண்டுபோன பிறகுதான் மூச்சு வந்தது: ‘டி’யில் முடிகிற வண்டி, நடுவில் ‘ன’ இருக்கிற கனவு, நடுவில் ‘த்’ இருக்கிற முத்து, ‘ர்’ரில் முடிகிற தேர். ஒவ்வொன்றும் கிடைக்க ஒரு ராத்திரி.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. ஆங்கிலத்தில் 26 எழுத்தை வைத்து ஆடுகிறார்கள், அதனால் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கும் நெடுக்கும் இரண்டு சொல் வெட்டிக்கொள்கிறது. ஒரு சொல் தெரியாவிட்டாலும் குறுக்கே போகிற சொற்களே அதை நிரப்பிக் கொடுத்துவிடும். நம்மிடம் 247 எழுத்து, கிரந்தம் தனி. உயிரெழுத்து பெரும்பாலும் சொல்லின் தலையில்தான் நிற்கும், புள்ளி எழுத்து தலையில் நிற்கவே நிற்காது. இந்தக் கட்டுப்பாட்டுக்குள் இரண்டு சொல் ஒரே எழுத்தில் சந்திப்பது அபூர்வம். அதனால் நம் கட்டங்களில் தனியாக நிற்கிற எழுத்துகள் நிறைய, சந்திக்கிற எழுத்துகள் கொஞ்சம். சந்திக்கிற அந்தக் கொஞ்சமும் பல நேரம் சொல்லின் கடைசியில் வருகிற ‘ம்’, ‘ன்’, ‘ல்’, ‘ர்’. ஆண்பால் பெயர் என்றால் ‘ன்’னிலும், பொருளின் பெயர் என்றால் பாதிக்குப் பாதி ‘ம்’மிலும் எப்படியும் முடியும், அதைத் தெரிந்துகொண்டு எங்களுக்கு என்ன லாபம்?

கட்டம் கைகொடுக்காத இடத்தில் குறிப்புதான் கைகொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஒரு மலர்’ என்று மொட்டையாக எழுதினாலும் தப்பித்துவிடலாம். தமிழில் முடியாது. இதை நான் வாதத்துக்காகச் சொல்லவில்லை, மூன்று வாரம் ரப்பர் தேய்த்துத் தெரிந்துகொண்டது.

‘சூரியன்’ என்று குறிப்பு கொடுத்து ஐந்து கட்டம் விடுகிறீர்கள். கதிரவனா, பகலவனா, ஆதித்தனா? மூன்றும் ஐந்து, மூன்றும் ‘ன்’. ‘நம் மாநிலம்’ என்று ஐந்து கட்டம். தமிழ்நாடும் ஐந்து, தமிழகமும் ஐந்து, முதல் இரண்டு எழுத்துகூட ஒன்றுதான். இப்படி வருகிற நாளில் நான் பென்சிலால் லேசாக இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு மற்றதை முடித்துவிட்டு வருவேன், கடைசியில் பார்த்தால் வெட்டுகிற கட்டம் எதுவும் அந்த இரண்டைப் பிரிக்காது. ‘பெண் பெயர்’, ‘ஓர் ஊர்’, ‘நடிகர்’ என்று வருவதை எல்லாம் குறிப்பு என்றே நான் எடுத்துக்கொள்வதில்லை, அது காலியிடத்தை நிரப்பச் சொல்லுகிற விண்ணப்பம். ‘பகலை ஆள்பவன், பெயரிலேயே பகல் உண்டு’ என்று இன்னும் நாலு வார்த்தை எழுதினால் என்ன குறைந்துவிடும்? இடம் இல்லை என்று சொல்லாதீர்கள், கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பூங்கொத்துப் படம் போட இடம் இருக்கிறதே.

அடுத்தது, எனக்கு மிகவும் வருத்தம் தருவது: ‘கலைந்துள்ளது’. குறிப்பின் முடிவில் அடைப்புக்குறிக்குள் இந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் பென்சிலைக் கீழே வைக்கத் தோன்றுகிறது. கட்டத்தில் எழுத்துகள் ஒத்து வராதபோது சொல்லையே குலைத்துப் போட்டுவிட்டு, ‘மலர் (கலைந்துள்ளது)’ என்று எழுதிவிடுகிறீர்கள். மூன்று எழுத்துச் சொல்லை ஆறு விதமாகக் கலைக்கலாம், ஐந்து எழுத்து எல்லாம் வேறு வேறாக இருந்தால் 120 விதம். விடை தாமரை என்று கண்டுபிடித்த பிறகும் அது மரைதாவா, ரைதாமவா என்று யாருக்குத் தெரியும்? விடை தெரிந்த பிறகும் கட்டத்தில் எழுத முடியவில்லை என்றால் கண்டுபிடித்ததற்கு என்ன மதிப்பு? ‘முதல் எழுத்து இல்லை’, ‘கடைசி எழுத்து இல்லை’ என்பதும் இதே குடும்பம்தான். எப்போதாவது ஒன்று வந்தால் சரி, விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளலாம். போன மாதம் ஒரே கட்டத்தில் ஏழு எண்ணினேன். பட்டினத்தாரைத் தூக்கி நடு வரிசையில் வைத்தவள் என்ற முறையில் கேட்கிறேன், அழித்துவிட்டு இன்னொரு முறை முயன்று பாருங்கள், வழி இருக்கும்.

வலமிருந்து இடமும் கீழிருந்து மேலும் எழுதச் சொல்வதில் எனக்குப் பாதிச் சம்மதம். புள்ளியில் முடிகிற சொல்லைத் திருப்பிப் போட்டால்தான் சில மூலைகள் நிரம்பும் என்று இப்போது எனக்கே தெரியும். ஆனால் கடல் என்பதை ‘ல்டக’ என்று கண்ணால் படிப்பது கஷ்டம், ஓடுகிற வண்டியில் அதைவிடக் கஷ்டம். எண்ணையாவது சொல் தொடங்குகிற கட்டத்தில் போடுங்கள். சில நேரம் எண் தொடக்கத்தில் இருக்கிறது, சில நேரம் முடிவில் இருக்கிறது. ‘வலமிருந்து இடம் 9’ என்று பார்த்துவிட்டு 9க்கு இடப்பக்கம் கறுப்புக் கட்டம் இருந்தால் என்னதான் செய்வது? ஒரு தடவை குறிப்பில் 14 இருந்தது, கட்டத்தில் 14 இல்லவே இல்லை.

கடினமான சொல்லைப் பற்றி ஒரு புகாரும் இல்லை, அதைத் தனியாகச் சொல்லிவிட ஆசை. 1913 டிசம்பர் 21 அன்று ஆர்தர் வின் என்பவர் நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் போட்ட முதல் குறுக்கெழுத்திலேயே, கோமுட்டி என்கிற பனை வகையின் நாருக்கு என்ன பெயர் என்று ஒரு கேள்வி இருந்தது. வைர வடிவத்தில் போட்ட கட்டம் அது. அந்த நாருக்கு ‘டோ’ என்று பெயராம், நியூயார்க்கில் அதை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ஆக, முதல் நாளிலிருந்தே இந்த ஆட்டத்தில் அரிய சொல்லுக்கு இடம் உண்டு. பரி என்றால் குதிரை, வேழம் என்றால் யானை, ஆழி என்றால் கடலும் மோதிரமும் சக்கரமும், வாவி என்றால் குளம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடத்தைவிடக் குறுக்கெழுத்துதான். நைனா எட்டாவது வரைக்கும்தான் படித்தவர், களிறு ஆண் யானை, பிடி பெண் யானை என்று பேரனுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அதைக் கொடுத்தவர்கள் நீங்கள். போடுங்கள், இன்னும் போடுங்கள். ஒரே வேண்டுகோள், அரிய சொல் வருகிற இடத்தில் குறுக்கே எளிய சொல்லாக ஒன்று போகட்டும். இரண்டு அரிய சொல் ஒன்றை ஒன்று வெட்டினால் இரண்டு சொல்லும் காலியாகவே கிடக்கும்.

எங்கள் பக்கத்துச் சொல்லும் கொஞ்சம் வரட்டும். சென்னை என்றாலே உங்களுக்கு மெரினா, மயிலாப்பூர், தி.நகர்தான். எண்ணூர் நான்கு எழுத்து, காசிமேடு நான்கு எழுத்து, வஞ்சிரம் ஐந்து எழுத்து, எல்லாம் கட்டத்தில் அழகாக உட்காரும். வவ்வால் என்று ஒரு மீனும் இருக்கிறது, காசிமேட்டில் காலையில் போனால் கூடை கூடையாக வாங்கலாம். ‘மரத்தில் தொங்கும், குழம்பிலும் கொதிக்கும்’ என்று போட்டால் எவ்வளவு நல்ல குறிப்பு! அதற்கு விட்டில் வரவே வராது.

அச்சு விஷயத்தைப் பக்க வடிவமைப்பவர்களுக்குச் சொல்கிறேன். கட்டம் ரொம்பச் சின்னதாக இருக்கிறது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒல்லியாக ஒரு கட்டத்துக்குள் நின்றுவிடும். நமக்குக் ‘கொ’ என்று எழுத ஒரு கொம்பு, ஒரு க, ஒரு கால் என்று மூன்று பேருக்கு இடம் வேண்டும். பௌர்ணமியின் முதல் எழுத்தை எழுதிப் பாருங்கள், பக்கத்துக் கட்டத்தில் கால் வைக்காமல் எழுத முடியாது. அதோடு மூலையில் இருக்கிற எண்ணும் சேர்ந்துகொள்கிறது. பேப்பரின் மடிப்பு சரியாக நடு வரிசையில் விழுகிறது, பின்பக்கத்து வண்ண விளம்பரத்தின் மை இந்தப் பக்கம் தெரிகிறது, வெள்ளைக் கட்டம் எது சாம்பல் கட்டம் எது என்று ரயில் வெளிச்சத்தில் தெரிவதில்லை. ஜெல் பேனா ஊறுகிறது, பென்சில் பதியவில்லை, ரப்பர் போட்டால் தாள் கிழிகிறது. தாளை மாற்றச் சொல்லவில்லை, அது உங்கள் கையில் இல்லை என்று தெரியும். கட்டத்தை மடிப்பிலிருந்து தள்ளி வைப்பது உங்கள் கையில்தானே இருக்கிறது. அன்றைய விடையை அதே பக்கத்தில் கட்டத்துக்கு நேர் கீழே தலைகீழாக அச்சடிப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். தலைகீழாக இருந்தாலும் கண் படித்துவிடும், ஒருமுறை கண்ணில் பட்டதை மறக்க முடியாது. வேறு பக்கத்தில் போடுங்கள்.

போனில் குறுக்கெழுத்துச் செயலி செய்கிற தம்பி தங்கைகளும் இதைப் படித்தால் நல்லது. காகம் என்பது மூன்று எழுத்து. ஒரு செயலியில் அதற்கு ஐந்து கட்டம் விட்டிருந்தார்கள். யூனிகோடில் க, கால், க, ம, புள்ளி என்று ஐந்து துண்டாகத்தான் அது சேமிக்கப்படுகிறது என்பதால், கணினி எண்ணியதை அப்படியே கட்டமாக்கிவிட்டார்கள். கணினிக்கு அது ஐந்து, படிக்கிறவருக்கு அது மூன்று. இன்னொன்றில் கட்டம் சரியாக இருந்தது, ஆனால் ‘கா’ அடிக்க ‘க’வைத் தட்டியதும் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும், கால் தனியாக அங்கே போய் விழும். ‘ஔ’ என்ற ஒரே எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டாக அடித்து வைத்திருந்த செயலியில் ஔவையார் சரியாக எழுதியும் ‘தவறு’ என்று சிவப்பு வந்தது. எங்கள் அக்கா மகள் அதோடு விளையாட்டையே விட்டுவிட்டாள். அவளுக்குத் தமிழ் வரவில்லை என்று அவளே நினைத்துக்கொண்டாள், அது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

விடைக்கு வருகிறேன். நைனா அவருடைய அப்பா காலத்துக் கதை சொல்வார். அப்போது குறுக்கெழுத்துக்குக் கட்டணம் கட்டி, கூப்பன் வெட்டி அனுப்பி, பெரிய பரிசுக்காகக் காத்திருப்பார்களாம். ஒரே குறிப்புக்கு இரண்டு சொல் பொருந்துகிற மாதிரி எழுதுவார்களாம், நடத்துகிறவர் மனசில் எது இருக்கிறதோ அதுதான் விடை, அதனால் வீட்டில் நாலு பேர் நாலு விதமாக நிரப்பி நாலு கூப்பன் அனுப்புவார்கள் என்பார். இது முற்றிப்போய்த்தான் 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் என்று ஒன்று மத்திய அரசு கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் வரையறையிலேயே குறுக்கெழுத்துப் போட்டியின் பெயர் இருக்கிறது. மாதத்துக்கு மொத்தப் பரிசு 1000 ரூபாயைத் தாண்டக் கூடாது, விண்ணப்பங்கள் 2000ஐத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். சரி, பணம் இருந்த காலத்தில் இரண்டு விடை பொருந்துகிற மாதிரி எழுதியதற்கு ஒரு காரணமாவது இருந்தது, எல்லோரும் ஜெயித்துவிட்டால் பரிசு கட்டுப்படியாகாது. இப்போது பரிசே இல்லையே. நாங்கள் ஆடுவது அந்த விடை ‘டக்’கென்று பொருந்துகிற ஒரு நொடிக்காக. அதை இரண்டாகப் பிளந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

அதனால் கேட்கிறேன். கட்டத்தை அனுப்புகிறதுக்கு முன்னால் அதைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது, அலுவலகத்தில் டீ கொண்டுவருகிறவர், யாராக இருந்தாலும் சரி. நான் பொங்கல் கட்டத்தை எங்கள் அம்மாவிடம் கொடுத்தேன், அவர் நிரப்பிய பிறகு இரண்டு குறிப்பை மாற்ற வேண்டியிருந்தது, ஒன்றில் நான் வைத்திருந்த விடையைவிட அவருடைய விடை நன்றாகப் பொருந்தியது. விளம்பரம் வந்தால் கட்டத்தைத் தள்ளிப் போடுங்கள், விடையை மட்டும் எப்படியாவது ஒரு மூலையில் போட்டுவிடுங்கள், எழுத்து எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொள்கிறோம். தப்பு வந்துவிட்டால் ‘சென்ற வாரம் 7இல் பிழை’ என்று ஒரு வரி எழுதுங்கள். அப்படி எழுதியதற்காக எந்த வாசகரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார், நான் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வேன்.

பழைய பேப்பர்க்காரர் மாதத்துக்கு ஒரு முறை எங்கள் தெருவுக்கு வருகிறார். அந்த விட்டில், வவ்வால் பக்கத்தை மட்டும் நைனா அவரிடம் போடவில்லை. நாலாய் மடித்து டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், அந்த நான்கு கட்டத்தில் என் எழுத்தும் அவர் எழுத்தும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிறது. அதைப் போட்டவர் இதைப் படிக்க நேர்ந்தால் எது என்று ஒரு சொல் எழுதுங்கள். ‘இரவில் பறப்பது’, இடமிருந்து வலம், நான்கு எழுத்து.